உள்ளானும் கூழாங்கல்லும்: கேள்வி பதில்

உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப் பறவைகளைப் படமெடுத்தால் பின்னால் கிடக்கும் கல்லும் பாசியும் படத்தைக் கெடுக்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், என்னிடம் 600 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 துளை, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா இருக்கிறது. அப்படியும் பின்னால் உள்ள கல், சிப்பி எல்லாம் தெரிகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். நின்றுகொண்டு எடுத்திருப்பீர்கள். 10 மீட்டரில் ஓர் உள்ளான், தலை 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். நின்று பார்த்தால் அந்தத் தலைக்குப் பின்னால் தெரிவது முக்கால் மீட்டர் தள்ளியிருக்கும் தரைதான். அது எப்படி மங்கும்? படுத்து, லென்ஸை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினால் அதே தலைக்குப் பின்னால் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் தரை வரும். கல்லெல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும்.

தூரமும் முக்கியம். 10 மீட்டரில் உங்கள் லென்ஸுக்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 செ.மீ.; 20 மீட்டரில் அது நான்கு மடங்கு. கிட்ட இருந்தால்தான் பின்னணி நன்றாக மங்கும். அதற்காகப் பறவையைத் துரத்தாதீர்கள். அசையாமல் படுத்திருந்தால் இரை பொறுக்கிக்கொண்டே அதுவாக வரும். (அலை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் பார்க்காமல் இடுப்புவரை நனைந்தவன்.)

கேள்வி: படுத்தால் ஃபோகஸ் முன்னால் இருக்கும் கல்லில் போய் உட்காருகிறதே?

பதில்: ஃபோகஸ் பரப்பைச் சின்னதாக்கி, ஃபோகஸ் வளையத்தைக் கையாலேயே திருப்பிப் பறவைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் ஆட்டோஃபோகஸிடம் விடுங்கள். உப்புக்கொத்தி என்றால் கண்ணைத் தேடும் வசதியும் தடுமாறும். முதுகு மணல் நிறம். கழுத்தின் கறுப்புப் பட்டை உடலை இரண்டு துண்டாக வெட்டிக் காட்டும். பருந்தை ஏமாற்றும் உடை கேமராவை ஏமாற்றாதா?

கேள்வி: அண்ணா, மென்பொருளில் பின்னணியை மங்கலாக்கிவிட்டால்?

பதில்: செய்யலாம், எனக்குப் பிடிக்காது. கால்களுக்கு நடுவே ஒரு கல் மட்டும் பளிச்சென்று நிற்கும். அது போதும், குட்டு வெளிப்பட.

கேள்வி: கல்திருப்பி உள்ளான் பாறையும் பாசியுமாகவே திரிகிறது. சுத்தமான பின்னணி எங்கே தேடுவது?

பதில்: தேடவே வேண்டாம். கல்லைப் புரட்டி இரை தேடுவதுதான் அதன் பிழைப்பு; கல்லில்லாமல் எடுத்து என்ன பயன்? எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சிறிதாக்கி, பறவையைச் சற்றுச் சிறிதாக, இடத்தோடு சேர்த்து எடுங்கள். தலையைச் சுற்றி மட்டும் இடம் விடுங்கள். என் படம் ஒன்றில் வெள்ளைச் சிப்பி ஒன்று சரியாக அலகு நுனிக்குப் பின்னால் வந்து, பறவை அதைக் கவ்வியிருப்பதுபோல் விழுந்துவிட்டது. முழங்கையை நாலு விரற்கடை நகர்த்தியிருந்தால் சிப்பி விலகியிருக்கும். காலையிலோ மாலையிலோ வெயிலுக்கு எதிராகவும் எடுத்துப் பாருங்கள். முதுகின் ஓரத்தில் ஓடும் ஒளிக்கோடு பறவையைப் பாறையிலிருந்து பிரித்துவிடும்.

கேள்வி: முட்டையிடும் காலத்திலும் இப்படிப் படுத்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உப்புக்கொத்தியின் முட்டை வெறும் தரையில் கூழாங்கல்போலவே கிடக்கும், படுத்தால் நசுக்கிவிடுவீர்கள். ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், நல்ல படம் என்று பின்னால் போகாதீர்கள். உங்களை முட்டை இருக்கும் இடத்திலிருந்து விலக்க அது நடிக்கிறது. காலடியைப் பார்த்துப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.