கேள்வி – பதில்: காலி இடம் இருந்தால் போதுமா?

கேள்வி: டாலஸில் எங்கள் வீட்டுக்கு 10 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் போடப்போகிறோம். 200 ஆம்பியர் மெயின் பேனலில் (வீட்டு பிரேக்கர் பெட்டி) இன்னொரு பிரேக்கருக்குக் காலி இடம் இருந்தும், பேனலையே மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்றவில்லை அம்மா, ஆனால் செலவான வழியை முதலில் சொல்லிவிட்டார். சிக்கல் காலி இடத்தில் இல்லை, உள்ளே ஓடும் பஸ்பாரில், அதாவது பிரேக்கர்கள் மாட்டியிருக்கும் உலோகப் பட்டையில் இருக்கிறது. மெயினிலிருந்து 200 ஆம்பியர், சோலாரிலிருந்து இன்னொரு பங்கு என்று இரண்டும் சேர்ந்து பாய்ந்தால், எந்த பிரேக்கரும் விழாமலே பஸ்பார் சூடேறலாம். அதனால்தான் அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 705.12 பிரிவில் 120 சதவீதக் கணக்கு: மெயின் பிரேக்கரும் இன்வெர்ட்டர் மின்னோட்டத்தின் 125 சதவீதமும் சேர்ந்து பஸ்பார் திறனில் 120 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சோலார் பிரேக்கர் மெயினுக்கு எதிர்முனையில்தான் இருக்கவேண்டும். அதை இடம் மாற்றாதே என்று பக்கத்தில் ஸ்டிக்கரும் ஒட்டவேண்டும்.

உங்கள் இன்வெர்ட்டர் 240 வோல்ட்டில் சுமார் 42 ஆம்பியர் தரும். அதன் 125 சதவீதம் 52. மெயினோடு சேர்த்தால் 252. பஸ்பாரும் 200 என்றால் வரம்பு 240தான். சரி, மெயின் பிரேக்கரை 175 ஆகக் குறைத்தால்? 227, தாராளம்! ஆனால் வீட்டின் மொத்த லோடை முதலில் கணக்கிடச் சொல்லுங்கள், டெக்சாஸ் வெயிலில் ஏசி சும்மா இருக்காது. மெயினுக்கு முன்பே சோலாரை இணைக்கவும் விதி இடம் தருகிறது. அதற்கு மின் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும்.

அப்புறம், பேனல் கதவின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். பஸ்பார் 225 என்றிருந்தால் வரம்பு 270, எதையுமே மாற்றவேண்டாம்.