ஆஸ்திரேலியாவின் பழைய தங்கவயல்களில் கிடைக்கும் பொத்தான்கள், பெல்ட் பக்கிள்கள் எந்தக் காலத்தவை என்று கண்டறிவது எப்படி?

பொத்தானை இன்னும் புளி போட்டுத் தேய்க்கவில்லை என்று நம்புகிறேன். வீட்டுப் பித்தளைக்குச் செய்வதை இதற்கும் செய்தால் மிச்சமிருக்கும் தங்கப் பூச்சோடு பின்புறத்து எழுத்தும் மழுங்கிப்போகும். காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பின்புறம்தான். முன்புறத்தை மட்டும் படமெடுத்துக் கேட்பதில் பயனில்லை.

நான் மெல்போர்னில் வசிப்பவன். காசில்மெய்ன் அருகே ஒரு பண்ணையில், உரிமையாளரின் அனுமதியோடு, உழுது புரண்ட மேல்மண்ணில்தான் தேடினேன். ‘மைனர்ஸ் ரைட்’ உரிமம் கனிமங்களுக்கானது என்பதும், பழைய முகாம்கள் விக்டோரியா மாநிலத்தின் 2017-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சட்டம் சொல்லித்தர யாரும் சிரமப்பட வேண்டாம். மெட்டல் டிடெக்டர் காட்டிய ஒரு துருப்பிடித்த ஆணியைத் தோண்டியபோது, கூடவே எடையே இல்லாத கறுப்புப் பொத்தான் ஒன்று வந்தது. விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை அடித்தது. பின்புறத்தில் வளைவாக, ‘என். ஆர். கோ. குட்இயர்ஸ் பேட்டண்ட் 1851’ என்ற எழுத்துகள்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், விக்டோரியாவில் தங்கவேட்டை தொடங்கிய ஆண்டும் 1851 என்பதால், இது முதல் அலையில் வந்தவரின் சட்டைப் பொத்தான் என்று அடித்துச் சொன்னார். உண்மையில் அது நெல்சன் குட்இயர் கடின ரப்பருக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு. பொத்தானைச் செய்த நாவல்டி ரப்பர் கம்பெனி (அதுதான் ‘என். ஆர். கோ.’) அமெரிக்காவின் நியூஜெர்சியில் தொழில் தொடங்கியதே 1855-இல்தான். இதை விளக்கிய பிறகும் அவர் தம் கூட்டங்களில் என் பொத்தானின் படத்தை ‘1851’ என்ற குறிப்போடுதான் காட்டி வருகிறார். வயதுக்கு மரியாதை உண்டு, ஆனால் வயது ஆதாரமாகாது.

ஒரு பொத்தான் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே உறுதியாகச் சொல்லும். நான்கு துளையுள்ள சிறிய வெள்ளைப் பீங்கான் பொத்தான் அவ்வகைப் பொத்தான் செய்முறைக்கு ரிச்சர்ட் பிராசர் 1840-இல் பெற்ற காப்புரிமைக்குப் பிந்தையது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பொத்தான்கள் 1855 வரை வெள்ளீயக் கலவையிலும் பிறகு பித்தளையிலும் செய்யப்பட்டன. 1871-இல் அவற்றில் படைப்பிரிவு எண்ணுக்குப் பதிலாக அரச முத்திரை வந்தது. ஆகவே 1854-இல் யுரேகாவில் தங்கம் தோண்டுவோரின் கிளர்ச்சியை அடக்கப் போரிட்ட 40-ஆம் படைப்பிரிவின் சிப்பாய் அணிந்தது என்று பித்தளைப் பொத்தானை விற்க வருபவரை நான் நம்பமாட்டேன். உருண்டையான சிறு பித்தளைப் பொத்தான் கிடைத்தால், அங்கே சீனத் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்களா என்று விசாரியுங்கள்.

பக்கிள்களில் எஸ் வடிவப் பாம்புக் கொக்கி வந்தால் இணைய வியாபாரிகள் உடனே ‘தங்கவேட்டைக்காரர் பெல்ட்’ என்று விலை ஏற்றிவிடுகிறார்கள். தங்கம் தேடியவர்கள் அதை அணிந்தது உண்மைதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பள்ளிச் சிறுவர்களும் அதே பாம்பைத்தான் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பாம்பை மட்டும் வைத்து என்னால் காலம் சொல்ல இயலாது. அதே குழியில் கிடைத்த புட்டித் துண்டு, புகைக்குழாய், நாணயம் எவையென்று எழுதுங்கள். பொத்தான்களின் பின்புறப் படத்தையும் சேர்த்தால் பார்த்துச் சொல்கிறேன்.