எண்ணிக்கையால் மட்டும் வென்றார்களா?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். சிறு வயதிலிருந்தே எனக்கு டாங்கிகள் மேல் ஈர்ப்பு அதிகம். கணினி விளையாட்டுகளிலும் யூடியூப் காணொளிகளிலும் அவற்றைப் பற்றித் தேடித்தேடிப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லோரும் சொல்வது ஒன்றுதான். ஜெர்மன் டாங்கிகளுக்கு இணையாக எதுவும் இல்லை; ஒரு டைகரை வீழ்த்தப் பத்து ரஷ்ய டாங்கிகள் தேவைப்பட்டன; ரஷ்யர்களிடம் பதினொன்று இருந்தன. அதோடு பனியும் சேறும் சேர்ந்துகொண்டன. இது உண்மையா? புரோகரோவ்காவில் நடந்ததுதான் வரலாற்றின் மிகப்பெரிய டாங்கிப் போர், அங்கேதான் ஜெர்மனியின் முதுகெலும்பு முறிந்தது என்பதும் சரிதானா? ஹிட்லர் இன்னும் ஐந்தாயிரம் டைகர்களைச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

அன்புடன்,
ரா.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ரா.,

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வாதம் முதலில் உடைவதும் அங்கேதான்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மானியப் படை எல்லையைக் கடந்தபோது செஞ்சேனையிடம் இருந்த டாங்கிகள் சுமார் 22,600. படையெடுத்து வந்தவர்களிடம் இருந்தவை சுமார் 3,500. எண்ணிக்கைதான் வெற்றியைத் தரும் என்றால் அந்தப் போர் ஜூலையிலேயே பெர்லின் வாசலில் முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியம் 20,500 டாங்கிகளை இழந்திருந்தது. மாஸ்கோவின் புறநகர் வரை எதிரி வந்துவிட்டான்.

டாங்கிகளின் தரம் மட்டமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எல்லையோர மாவட்டங்களில் டி-34, கேவி வகை டாங்கிகள் சுமார் 1,500 இருந்தன. ஜெர்மானியர்களின் 37 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் அவற்றின் கவசத்தில் பட்டுத் தெறித்தன. அந்தப் பீரங்கிக்கு அதை இயக்கிய வீரர்களே 'கதவு தட்டும் கருவி' என்று பெயர் வைத்தார்கள். லித்துவேனியாவில் ரசெய்னியாய் என்ற ஊருக்கு அருகே ஒற்றை கேவி டாங்கி சாலையில் வழிமறித்து நின்றது. ஒரு முழு டாங்கி டிவிஷனின் விநியோகப் பாதை ஒரு நாளுக்கு மேல் முடங்கியது. எண்ணிக்கையும் இருந்தது, தரமும் இருந்தது. இருந்தும் படை அழிந்தது. ஏன் அழிந்தது, பிறகு எப்படி எழுந்தது என்பதுதான் சோவியத் டாங்கிப் படையின் வரலாறு.

டாங்கிப் போர் பற்றி ஆழமாகச் சிந்தித்த மார்ஷல் துகாசெவ்ஸ்கியை 1937 ஜூனில் ஸ்டாலின் சுட்டுக் கொல்லவைத்தார். அவரோடு ஒரு தலைமுறைத் தளபதிகளும் போனார்கள். 1939இல் பெரிய டாங்கிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. பிரான்சில் ஜெர்மன் டாங்கிகள் செய்ததைப் பார்த்த பிறகு, 1940இல் அவசர அவசரமாக மீண்டும் உருவாக்கப்பட்டன. ஓர் இயந்திரப்படைக் கோருக்கு (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்பிரிவுக்கு) 1,031 டாங்கிகள் என்று ஏட்டில் எழுதினார்கள். லாரி, உதிரிபாகம், வானொலி, பயிற்சி பெற்ற ஓட்டுநர் ஆகியவை ஏட்டளவில்கூடப் போதவில்லை. ரியாபிஷெவ் தலைமையிலான எட்டாவது கோர் எதிரியைச் சந்திப்பதற்கு முன்பே, முன்னுக்குப் பின் முரணான உத்தரவுகளால் சுமார் 500 கிலோமீட்டர் அங்குமிங்கும் ஓடியது. ஏறத்தாழ பாதி டாங்கிகள் வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டன. அவற்றை இழுத்துவர வண்டி இல்லை. மாற்றிப் போடப் பாகம் இல்லை. ஓட்டிவந்தவர்களே கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள்.

டி-34 பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அதன் சாய்வான கவசத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் உங்களை அதற்குள்ளே அழைத்துப்போக விரும்புகிறேன். தொடக்க கால டி-34இன் சுழல் கோபுரத்தில் இருவர்தான். அந்த டாங்கியின் தளபதியே பீரங்கியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். குறிபார்க்கும் கண்ணாடியில் கண்ணை வைத்துவிட்டால் களத்தில் வேறெதையும் அவரால் பார்க்க முடியாது. எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. உள்பேசிக் கருவியையும் நம்ப முடியாது. அதனால் தளபதி தன் பூட்ஸ் காலால் கீழே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் தோளை அழுத்துவார். இடது தோள் என்றால் இடப்பக்கம் திரும்பு, வலது தோள் என்றால் வலப்பக்கம். தலையில் அழுத்தினால் நிறுத்து. குண்டு போடுபவரின் முகத்துக்கு நேரே மடக்கிய கைமுட்டியைக் காட்டினால் கவசம் துளைக்கும் குண்டு. விரல்களை விரித்துக் காட்டினால் சிதறு குண்டு. அந்தக் கால கியரை மாற்ற ஓட்டுநரின் ஒரு கை போதாது. பக்கத்தில் இருக்கும் இயந்திரத் துப்பாக்கிக்காரரும் சேர்ந்து தள்ளுவார். பெரும்பாலான டாங்கிகளில் வானொலி கிடையாது. முன்னால் போகும் டாங்கி என்ன செய்கிறதோ அதைச் செய், அவ்வளவுதான் கட்டளை. முன்னால் போகும் டாங்கி எரிந்துவிட்டால்?

எதிரே வந்த ஜெர்மானிய மூன்றாம் வகை பான்சரின் கவசம் இதைவிட மெல்லியது, பீரங்கியும் சிறியது. ஆனால் அதன் கோபுரத்தில் மூவர் இருந்தார்கள். தளபதிக்குச் சுடும் வேலை இல்லை. பார்ப்பதும் கட்டளையிடுவதும்தான் வேலை. ஜெர்மானிய டாங்கிகளில் வானொலி இருந்தது. அந்தப் படையை வடிவமைத்தவர்களில் முதன்மையான குடேரியன் முதல் உலகப்போரில் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றியவர். 1940இல் பிரெஞ்சுக்காரர்களின் கனரக டாங்கிகளும் இதே பாடத்தைத்தான் கற்றன. ஸ்டோன் கிராமத்தில் கேப்டன் பியோட்டின் டாங்கி 140 குண்டடி பட்டும் கவசம் துளைபடாமல் 13 ஜெர்மன் டாங்கிகளை அழித்தது. இருந்தும் பிரான்ஸ் ஆறே வாரத்தில் வீழ்ந்தது.

இனி சோவியத் படை எழுந்த கதை. கார்கோவ் தொழிற்சாலை ரயிலேறி யூரல் மலைக்கு அப்பால் நிஸ்னி தகில் போனது. 1941 டிசம்பரிலேயே அங்கே டி-34கள் உருவாயின. பெண்களும் பதின்வயதுச் சிறுவர்களும்தான் பெரும்பாலும் தொழிலாளர்கள். யெவ்கேனி பாட்டன் உருவாக்கிய தானியங்கிப் பற்றவைப்பு முறை வந்ததால், தேர்ந்த கைவினைஞர் இல்லாமலே கவசத் தகடுகளை இணைக்க முடிந்தது. இது எல்லோரும் சொல்லும் பகுதி. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, படை கற்றுக்கொண்ட விதத்தை.

1942 கோடையில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வோரோனெஷ் அருகே ஐந்தாவது டாங்கிப் படையைத் துண்டு துண்டாகக் களத்தில் இறக்கி வீணடித்தார்கள். அதன் தளபதி லிசுகோவ் அங்கேயே மாண்டார். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 22 விடியற்காலையில் வேறொரு படையைப் பார்க்கிறோம். ஸ்டாலின்கிராடைச் சுற்றிவளைக்கும் தாக்குதலில் லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப்போவின் சிறு அணி டான் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க வேண்டும். இருட்டில், எதிரி பகுதிக்குள், முகப்பு விளக்குகளை எரியவிட்டுக்கொண்டே வரிசையாகப் போனார்கள். இவ்வளவு துணிச்சலாக வருவது தங்கள் ஆட்கள்தான் என்று ஜெர்மானியக் காவலர்கள் விட்டுவிட்டார்கள். பாலம் உடையாமல் கைக்கு வந்தது. மறுநாள் வளையம் மூடியது. ஓராண்டுக்கு முன்பு அந்தப் படையில் எந்த அதிகாரியும் மேலிடத்து உத்தரவில்லாமல் இப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டார்.

புரோகரோவ்கா. 1943 ஜூலை 12, கூர்ஸ்க் போரின் ஒரு நாள். அது மிகப்பெரிய டாங்கிப் போர் அல்ல. 1941 ஜூனில் மேற்கு உக்ரைனில் டுப்னோ, பிரோடி பகுதியில் அதைவிடப் பல மடங்கு டாங்கிகள் மோதின. ரியாபிஷெவின் கோர் அழிந்ததும் அங்கேதான். ஜெர்மனியின் முதுகெலும்பு புரோகரோவ்காவில் முறிந்தது என்பது பல்லாண்டுகள் சோவியத் பாடநூல்கள் சொன்ன கதை. ஆவணங்கள் வேறு சொல்கின்றன. ரோத்மிஸ்திரோவின் ஐந்தாவது காவலர் டாங்கிப் படை குறுகிய நிலப்பரப்பில் பாய்ந்து சென்று, தங்கள் தரப்பே வெட்டிய டாங்கித் தடுப்பு அகழியில் சிக்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட டாங்கிகள் ஒரே நாளில் எரிந்தோ பழுதாகியோ நின்றன. எதிரே நின்ற எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப்படை) கோர் அன்று மீட்க முடியாமல் இழந்த டாங்கிகள் மிகச் சில. ஸ்டாலின் கொதித்துப்போய் விசாரணைக் குழுவையே அனுப்பினார்.

ஆனால் ஆகஸ்ட் 3ஆம் தேதியைப் பாருங்கள். மூன்றே வாரம். அதே ஐந்தாவது காவலர் டாங்கிப் படை ஏறத்தாழ 500 டாங்கிகளோடு பெல்கோரோத் நோக்கிக் கிளம்புகிறது. பொருதிய களம் அவர்கள் கையில் மிஞ்சியது. அடிபட்டவற்றை இரவோடு இரவாக இழுத்துவந்து, லாரியில் அமைந்த நடமாடும் பட்டறைகளில் செப்பனிட்டார்கள். 1941இல் பழுதான டாங்கியைக் கொளுத்திய படை, 1943இல் எரிந்த டாங்கியிலிருந்து கியர் பெட்டியைக் கழற்றி அடுத்ததில் பூட்டியது. என்னைக் கேட்டால் கூர்ஸ்கின் உண்மையான வெற்றியாளர்களில் அந்தப் பட்டறைக்காரர்களுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. அவர்களுக்குக் கணினி விளையாட்டில் பாத்திரம் கிடையாது.

அதே கூர்ஸ்கில்தான் ஜெர்மனி தன் புதிய பாந்தர்கள் 200ஐ இறக்கியது. எரிபொருள் கசிந்து தீப்பிடித்தும், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் இறுதி இயக்கப் பகுதி உடைந்தும், கண்ணிவெடியில் சிக்கியும், சில நாட்களிலேயே ஓடும் நிலையில் மிகச் சிலதான் மிஞ்சின.

அதற்குப் பிறகு எல்லா டி-34களிலும் வானொலி வந்தது. 1944 தொடக்கத்தில் மூவர் கோபுரமும் 85 மில்லிமீட்டர் பீரங்கியும் வந்தன. அமெரிக்கா அனுப்பிய லாரிகளும் ஜீப்புகளும் 4 லட்சத்தைத் தாண்டின. டாங்கி இருக்கும் இடத்துக்கு டீசலும் குண்டும் போய்ச் சேர்ந்தது அவற்றால்தான். இதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. 1944 ஜூனில் பெலாருசில் தாக்கியபோது, ஜெர்மானியத் தலைமை உக்ரைனில் அடி விழும் என்று நம்பித் தன் பான்சர்களை அங்கே குவித்திருந்தது. அப்படி நம்பவைத்தது சோவியத் படையின் திட்டமிட்ட ஏமாற்று வேலை. பொப்ரூய்ஸ்க் அருகே சதுப்பு நிலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிப் பாதை போட்டு, டாங்கிகள் வரவே முடியாது என்று எதிரி விட்டுவைத்த இடத்தில் டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜூலை 3 அன்று மின்ஸ்க் மீண்டது. எண்ணிக்கை அங்கே அவர்கள் பக்கம் பெரிதாகவே இருந்தது, மறுக்கவில்லை. தேவையான இடத்தில் தேவையான நாளில் அந்த எண்ணிக்கையைச் சேர்த்ததைத்தான் திறமை என்கிறேன்.

விலை பயங்கரமானது. போர் முழுவதும் 96,500 டாங்கிகளையும் தானியங்கிப் பீரங்கிகளையும் சோவியத் இழந்தது. 1945இலும் ஜெர்மனியைவிட அதிகமாகவே இழந்தார்கள். அந்த இழப்பில் ஒருவர் மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா. கணவர் போரில் இறந்ததும் சொத்தை விற்று, ஒரு டி-34 வாங்கப் பணம் கட்டி, அதைத் தானே ஓட்ட அனுமதி கேட்டு ஸ்டாலினுக்கு எழுதியவர். அனுமதி கிடைத்தது. போரின் நடுவே வெளியே இறங்கி அறுந்த சங்கிலிப் பட்டையைச் சரிசெய்வது அவர் வழக்கம். அப்படிச் செய்தபோதுதான் படுகாயமடைந்தார். 1944 மார்ச்சில் இறந்தார். இவர்களை 'பதினொன்றாவது டாங்கி' என்று கணக்கில் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு நூற்றுக்கணக்கான ஜெர்மன் அதிகாரிகளை உட்காரவைத்துக் கிழக்கு முனைப் போரை எழுதச் சொன்னது. அவர்களை வழிநடத்தியவர் ஹிட்லரின் தரைப்படைத் தலைமைப் பணிக்குழுவின் முன்னாள் தலைவர் ஹால்டர். தோற்றதற்குப் பனி, சேறு, ஹிட்லர், ரஷ்யர்களின் கணக்கற்ற கூட்டம் ஆகியவை காரணம் என்று எழுதினார்கள். தாங்கள் திறமையில் தோற்றதாக எழுதவில்லை. பான்சர்களுக்குப் பின்னால் நடந்த கூட்டுக்கொலைகளையும் அடக்கியே வாசித்தார்கள். சோவியத் ஆவணங்கள் பூட்டிக்கிடந்த அந்தப் பல பத்தாண்டுகளில் மேற்குலகம் படித்தது பெரும்பாலும் இதைத்தான். காணொளிகள் இன்றும் அதைத்தான் ஒப்பிக்கின்றன.

கடைசிக் கேள்வி, ஐந்தாயிரம் டைகர்கள். மொத்தம் செய்யப்பட்டவை சுமார் 1,350. எடை 57 டன். ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் அகலப் பட்டையைக் கழற்றிக் குறுகிய பட்டையை மாட்ட வேண்டும். பழுதானால் இழுக்க 18 டன் இழுவை வண்டிகள் இரண்டோ மூன்றோ வேண்டும். 540 லிட்டர் எரிபொருள் நிரப்பினால் கரடுமுரடான நிலத்தில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போகும். 1944 ஆகஸ்டில் ருமேனியா அணி மாறியதோடு ஜெர்மனியின் பெரிய எண்ணெய் வயல்களும் போயின. அந்த டிசம்பரில் மேற்கே, ஆர்டென் தாக்குதலில், பைப்பரின் எஸ்எஸ் அணி லா கிளீஸ் என்ற சிற்றூரில் எரிபொருள் இல்லாமல் சிக்கியது. டைகரின் அடுத்த வடிவமான கிங் டைகர்கள் உட்படத் தன் டாங்கிகளையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, சுமார் 800 பேர் நடந்தே தப்பினார்கள். இருந்த டைகர்களுக்கே ஊற்ற எண்ணெய் இல்லாத நாட்டில் ஐந்தாயிரம் டைகர்கள் எதை ஊற்றி ஓடியிருக்கும்? முடிவு மாறியிருக்காது என்பதே என் பதில்.

அன்புடன்.