பதில்: சென்னையிலிருந்து லே விமானம், மறுநாளே பாங்காங் போகலாமா?

வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் எட்டு நாள் திட்டத்தில் கோளாறே அந்த இரண்டாம் நாள்தான். லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரம், பாங்காங் ஏரி 4,250. காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகிறது.

உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சு வாங்குவது. அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) கூடும். உடனே மூளை மூச்சுக்கு பிரேக் போடும். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, திடுக்கென்று விழிப்பது இதனால்தான். சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றிச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அடிக்கடி சிறுநீர் போனால் பயப்படாதீர்கள், நல்ல அறிகுறி. புது சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்காகும், உங்கள் எட்டு நாளில் அதை நம்ப முடியாது.

லேயில் முதல் இரண்டு நாள் ஓய்வு, மது கூடாது. அடுத்து நுப்ரா பள்ளத்தாக்கு; வழியில் கர்துங் லா கணவாயில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், அங்கே இரவு தங்கும் ஹுண்டர் கிராமம் லேயைவிடத் தாழ்வு. பாங்காங் கடைசியில்.

உயர நோயைத் தடுக்கும் மாத்திரை அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, இரவு, லே போகும் முந்தின நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தலைவலியோடு நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் உடனே ஆக்சிஜன் கொடுத்து, தாழ்வான இடத்துக்கு இறக்க வேண்டும். ஆனால் பாங்காங்கிலிருந்து லேவுக்கு வழக்கமான வழியில் இறங்கவே 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயை ஏறித் தாண்டணும்.