வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சி. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு சுயேச்சையாக நிற்கலாம் என்று பார்க்கிறேன். வேட்புமனு தாக்கல் செய்வது எப்படி? கட்சிக்காரர்கள் துணை இல்லாமல் முடியுமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தாராளமாக முடியும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், உங்கள் நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெண்களுக்குப் பாதி இடங்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு. நீங்கள் ஆண், வார்டு 'பெண்கள் பொது' என்று வந்துவிட்டால் அங்கே கதை முடிந்தது, வேறு வார்டுதான். வேறு வார்டில் நிற்பதில் தடையில்லை, உங்கள் பெயர் அதே நகராட்சியில் எந்த வார்டில் இருந்தாலும் போதும்.

ஆனால் மனுவில் உங்கள் பெயரை முன்மொழிந்து கையெழுத்துப் போடுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் எந்த வார்டில் நிற்கிறீர்களோ அவர் அந்த வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். பல இடங்களில் வார்டு எல்லை தெருவுக்கு நடுவில் ஓடும், எதிர்வீட்டு நண்பர் வேறு வார்டாக இருப்பார், அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் பரிசீலனை அன்று மனு தள்ளுபடி. அதனால் அடையாள அட்டையை நம்பாமல் தற்போதைய பட்டியலை எடுத்து, இருவருடைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நேரில் பார்த்தே படிவத்தில் எழுதுங்கள்.

மனுவைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடமோ உதவி அலுவலரிடமோதான் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் நகராட்சி அலுவலகத்திலேயே இருப்பார்கள். கூடவே சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு விவரம் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம், தனி வார்டென்றால் சாதிச் சான்று. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், வழக்கு இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் இப்போதே கட்டி ரசீதை பத்திரப்படுத்துங்கள், எதிர்த்து நிற்பவர் தேடுவது அதைத்தான்.

டெபாசிட் 2022 தேர்தலில் நகராட்சிக்கு 2,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 1,000. அடுத்த முறை என்ன தொகை என்பதை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்த முறை ஜனவரி 28-ல் தொடங்கி பிப்ரவரி 4-ல் முடிந்தது, மறுநாளே பரிசீலனை. முதல் இரண்டு நாளில் கொடுத்தால் தப்பைத் திருத்தி வேறு மனு போட அவகாசம் இருக்கும். சுயேச்சைக்குச் சின்னம், வாபஸ் முடிந்த பிறகுதான். அதற்கு முன்பே நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள்!

கேள்வி: நேரடியாக நகராட்சித் தலைவர் பதவிக்கே மனு போடலாமா?
– அதே வாசகர்

பதில்: இப்போதைய முறையில் முடியாது. 2011-ல் மக்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் வார்டை ஜெயியுங்கள்.