பட்டுக்கூட்டை நம்பி மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.டெக் பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டில் இருக்கும் மகள், ஐ.டி. வேலை வேண்டாம், பட்டு ஹைட்ரோஜெல் (பட்டுப் புரதத்தில் செய்யும், நீர் நிறைந்த ஜெல்லி போன்ற பொருள்) ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவள் சொல்வதும் வெறும் ஆசைப் பேச்சு இல்லை.

பட்டு இழையின் நடுவில் ஃபைப்ராயின் என்ற புரதம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பசையாக ஒட்டியிருப்பது செரிசின். கூட்டை நறுக்கிச் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) கரைசலில் கொதிக்கவைத்தால் பசை கழன்றுவிடும். மிஞ்சும் நாரை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் கரைத்து, சவ்வுப் பையில் ஊற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைத்தால் உப்பு வெளியேறி, புரதக் கரைசல் மட்டும் நிற்கும். அதில் ஒலியலையைச் செலுத்தினாலோ கொஞ்சம் அமிலம் சேர்த்தாலோ, பால் தயிராகிற மாதிரி உறையும். அதுதான் ஹைட்ரோஜெல். உடலுக்குள் மெல்ல மெல்லச் சிதையும் என்பதால், மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடவும் தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கவும் இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் குழுவும், குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டல் குழுவும் பல ஆண்டுகளாக இதில் உழைக்கின்றன.

சரி, வேலை? பி.டெக் மட்டும் போதாது. எம்.டெக், பிஎச்.டி என்று ஏழு வருடமாவது ஆகும். அதுவரை உங்கள் கைக்காசுதான் போக வேண்டும் என்பதில்லை. கேட் (GATE) என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு வழியாக எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிஎச்.டி.யின்போது, நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000. சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் அவள் செலவை அவளே பார்த்துக்கொள்ளலாம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. பட்டை மட்டும் படித்தவளாக அவள் வெளியே வரக்கூடாது. பாலிமர் வேதியியல், செல் வளர்ப்பு, ஜெல்லின் உறுதியை அளக்கும் முறைகள், மருத்துவக் கருவிகளுக்கான ஒப்புதல் விதிகள், இவையெல்லாம் கைவசம் இருந்தால் காயக்கட்டு, தையல் நூல், உள்வைப்புக் கருவி செய்யும் நிறுவனங்களிலும் வேலை தேடலாம். பயோடெக் மாணவர்கள் பலர் வேதியியலில்தான் சறுக்குகிறார்கள். அவளுடைய மதிப்பெண்ணை அந்தப் பாடத்தில் முதலில் பாருங்கள்.

முடிவை இன்றே எடுக்க வேண்டாம். இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருக்கட்டும். ஃபைப்ராயின் கரைசல் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும்போதே தானாக உறைந்து, ஒரு வார வேலை வீணாவது அங்கே சகஜம். திரும்பி வந்ததும் அதைப் பற்றிக் கேளுங்கள். ஏன் உறைந்தது, அடுத்த முறை எதை மாற்றிப் பார்த்தேன் என்று அவள் விடாமல் பேசினால், கேட் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லலாம். அலுத்துப்போய் வந்தாள் என்றால், இறுதியாண்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அப்போதும் நேரம் இருக்கும்.