டொக்டரின் அறைக்குள் கந்தோர்

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 8 மாத ஆண் பிள்ளை. டவுனில் ஒரு லீசிங் கம்பனியில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். பிரசவ லீவு முடிந்து திரும்பியதிலிருந்து பிள்ளைக்கு மாறி மாறிச் சளி, இருமல், இழுப்பு. மழை தொடங்கிய பிறகு இன்னும் மோசம். இரண்டு மாதத்தில் மூன்று தரம் குழந்தை வைத்திய நிபுணரிடம் காசு கட்டி நம்பர் எடுத்துச் சனல் பண்ணிக் காட்டிவிட்டேன். 34ஆம் நம்பர் கிடைத்தால் பின்னேரம் நாலரைக்குப் போய் இரவு எட்டு மணி வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

போன கிழமை நான் லீவு கேட்டபோது, எல்லோரும் இருக்கிற வட்ஸ்அப் குறூப்பிலேயே மனேஜர், "இன்றைக்குமா? உங்கள் வேலையையும் மற்றவர்கள்தான் செய்ய வேண்டுமா?" என்று போட்டார். நான் பார்த்துவந்த கஸ்டமர் பைல்களைப் புதிதாக வந்த தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் மாமிதான் பிள்ளையைப் பார்க்கிறார். அவருக்கும் முழங்கால் வருத்தம். கணவருக்கும் டவுனில்தான் வேலை, நல்லவர். டொக்டருக்கு முன்னால் இருக்கும்போதுகூட மனேஜருக்கு என்ன பதில் போடலாம் என்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் டொக்டர் சொன்னதில் பாதி ஞாபகம் இல்லை. வேலையை விட்டுவிடலாமா அக்கா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, பெரும்பகுதி மனேஜரைப் பற்றியது. சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்தது கடைசி வரிகளை. டொக்டர் சொன்னதில் பாதி ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை. வேலையை விடுவதா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2003இல் நான் மூதூரில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். வீடு திருகோணமலையில். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, அது திறந்தது 2009இல். தரைவழியால் போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் பாதையில், அதாவது அக்கரை சேர்க்கும் மிதவையில், ஏற வேண்டும். அதனால் காலையில் ஜெற்றியில் லோஞ்ச் பிடித்துக் கொட்டியாரக் குடாவைக் கடந்து போய், பின்னேரம் லோஞ்சிலேயே திரும்புவோம். வாடைக்காற்றுக்குக் கடல் பொங்கினால் அதுவும் நிச்சயமில்லை. மூத்தவனுக்கு அப்போது 7 மாதம். கார்த்திகை மழையோடு நெஞ்சுச் சளி கட்டிவிட்டது. இரண்டு நாள் லீவு போட்டேன். மூன்றாம் நாள் போனபோது மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால், "பிள்ளை வளர்க்கிறதென்றால் வீட்டிலிருந்து வளர்க்கலாமே, இதுக்கு ஏன் சம்பளம்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் லோஞ்சில் என்னோடு கூடவே வந்தது.

இறங்கியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், இரண்டு மருந்து எழுதினார், ஒவ்வொன்றையும் எப்படிக் கொடுப்பது என்று விளக்கினார். விளக்கினார் என்பதே கூட வந்த என் அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் மறுநாள் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று சொல்லப்போகிற பதிலைச் சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். டொக்டரின் குரல் ஞாபகமில்லை.

காய்ச்சல் இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டிய பனடோல் சிரப்பை நேரத்துக்கு நேரம் கொடுத்தேன். 5 நாளும் கொடுத்து முடிக்க வேண்டிய அன்ரிபயோட்டிக்கை, பிள்ளை சிரித்து விளையாடுகிறானே என்று இரண்டாம் நாளோடு நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் இரவு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். மருந்து தவறியதால்தான் வருத்தம் கூடியது என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வார்ட்டில் நேர்ஸ் கேட்டபோது நான் நீட்டிய போத்தலில் பாதிக்கு மேல் மருந்து அப்படியே இருந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

அடுத்த கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு ராத்தா இருந்தார். எழுத வாசிக்கத் தெரியாதவர். பிஸ்கட் பெட்டியைக் கிழித்த மட்டை ஒன்று அவருடைய தலையணைக்குக் கீழே எப்போதும் இருக்கும். டொக்டர் பார்த்துவிட்டுப் போனதும் நேர்ஸைப் பிடித்து, "மிஸ், அந்தச் செவப்பு மருந்து எத்தின தரம்?" என்று கேட்பார். மூன்று தரம் என்றால் மட்டையில் மூன்று கோடு. ஒரு தரம் கொடுத்து முடித்ததும் ஒரு கோட்டைக் குறுக்கே வெட்டிவிடுவார். நேர்ஸுக்கு அலுத்தாலும் விட மாட்டார். "நான் மறந்திருவன் மிஸ், இன்னொருக்காச் சொல்லுங்க" என்பார். கந்தோரில் நாள் முழுக்க எழுதுவதுதான் என் தொழில். என் பிள்ளைக்காக நான் ஒரு வரி எழுதி வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கினேன். உங்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். கிளினிக் கார்ட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் எவ்வளவு, பால் எப்படிக் குடிக்கிறான் என்பதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் போனை நிறுத்திவிட்டுப் பேனையை எடுங்கள். டொக்டர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழும்பும் முன் எழுதியதை ஒரு தரம் வாசித்துக் காட்டி, "சரியா டொக்டர்?" என்று கேளுங்கள். எந்த டொக்டரும் இதற்காக என்னைக் கோபித்தது கிடையாது. கை எழுதிக்கொண்டிருக்கும்போது மனேஜருக்குப் பதில் அடுக்க மண்டைக்கு இடமிருக்காது. இது நான் அனுபவித்துச் சொல்வது. மூன்றரை மணித்தியாலம் காத்திருந்து உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். வெளியில் வாங்கில் இருக்கும்போது மனேஜரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

அந்தக் காத்திருப்பையும் கொஞ்சம் குறைக்கப் பார்க்கலாம். சனல் பண்ணும் இடத்துக்குப் போன் எடுத்து எத்தனையாம் நம்பர் போகிறது என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உப்புவெளியிலிருந்து டவுனுக்கு வர எவ்வளவு நேரம்? இருமுகிற பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று மணித்தியாலம் இருந்தால் அவன் அங்கேயே இன்னொரு சளியை வாங்கிக்கொண்டு வரலாம்.

அடுத்தது உங்கள் கணவர். கடிதத்தில் மனேஜருக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், மாமிக்கு அரைப் பக்கம், கணவருக்கு ஒரே ஒரு வரி. டவுனில்தான் வேலை, நல்லவர். சரி, நல்லவர் என்றால் சனல் பண்ணுகிற நாளில் அவரும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கட்டும். லீவு கேட்க வேண்டியது தாய்தான் என்று உங்கள் மனேஜர் மட்டும் நினைக்கவில்லை, நீங்களும் உங்கள் கணவரும் அப்படியே நினைத்து நடக்கிறீர்கள் போலத் தெரிகிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஒரு பிள்ளையின் வருத்தம் இரண்டு கந்தோருக்கும் பிரிந்து போனால் எந்தக் கந்தோருக்கும் அது இவ்வளவு கனமாகத் தெரியாது. அவருடைய கந்தோரில் முகம் சுளிப்பார்களோ என்று நீங்கள் தயங்கலாம். உங்களைப் பார்த்துச் சுளிக்கவில்லையா?

இதற்கு வழி, முன்கூட்டியே தெரிந்த நாட்களை அவரிடம் கொடுப்பது. காய்ச்சல் சொல்லிக்கொண்டு வராது, தடுப்பூசி சொல்லிக்கொண்டுதான் வரும். 9 மாதம் முடிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி), 12 மாதம் முடிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, பிறகு 18 மாதத்தில் ஒன்று. உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கிளினிக் நாளைக் கேட்டு இன்றைக்கே கலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாட்களுக்கு அப்பா போகட்டும். ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்து பார்ப்பார்கள், அதற்கும் சேர்த்து அவர் லீவு கேட்கட்டும். இன்னொன்று, எம்.எம்.ஆர். ஊசிக்குச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இலேசான தடிப்பும் வருவதுண்டு. அது பெரும்பாலும் அன்றைக்கே வராது. 7 நாள், 10 நாள் கழித்து வரும். ஊசி நாளில் உங்கள் லீவைச் செலவழித்துவிட்டு அந்தக் கிழமை கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள்.

லீவு விஷயத்தில் நீங்கள் பிச்சை கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. அதன்படி ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடம் 7 நாள் சாதாரண லீவும் 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. பிரசவ லீவு இதில் கழியாது. அந்த 7 நாள் எதற்கு என்றும் சட்டமே சொல்கிறது: சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம். இழுக்கிற பிள்ளையை டொக்டரிடம் காட்டுவது நியாயமான காரணம் இல்லையென்றால் வேறு எது? ஆனால் 7 நாள் என்பது கொஞ்சம்தான், எண்ணி எண்ணித்தான் எடுக்க வேண்டும். அதற்காகவும்தான் கணவரின் லீவையும் சேர்க்கச் சொல்கிறேன். லீவு தராமல் மறுத்தாலோ சம்பளத்தில் கை வைத்தாலோ தொழில் திணைக்களத்துக்குத் திருகோணமலையிலேயே அலுவலகம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

வட்ஸ்அப் குறூப்பில் பதில் போடாதீர்கள். எவ்வளவு நியாயமான பதிலாக இருந்தாலும் போடாதீர்கள். பிள்ளை தேறி நீங்கள் இரண்டு இரவு நித்திரை கொண்ட பிறகு மனேஜரைத் தனியாகச் சந்தியுங்கள். தடுப்பூசி நாட்களில் கணவர் போவார் என்பதைச் சொல்லுங்கள். லீவு கேட்டால் இனி எனக்குத் தனியாகப் பதில் அனுப்புங்கள், குறூப்பில் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பைல்களை எடுத்தது அநியாயம், அதை நான் பூசி மெழுக மாட்டேன். போன வருடம் நீங்கள் அறவிட்ட தொகைகளை எழுதிக்கொண்டு போய், அந்தப் பைல்கள் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். புதுத் தம்பியோடு மனஸ்தாபம் வேண்டாம். அவர் கேட்டு வாங்கவில்லை.

மாமியைப் பற்றி ஒரு விஷயம். நீங்கள் வேலையில் இருக்கும்போது அவர் பயந்து பயந்து போன் எடுக்கிறார், எது அவசரம் எது இல்லை என்று இருவருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு மூச்சு எண்ணப் பழக்கிவிடுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ பின்னேரச் சனலுக்குக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அந்த இலக்கத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மழைக்காலம் என்பதால் டெங்கையும் மறக்க வேண்டாம். 2017இல் கிண்ணியாப் பக்கம் அது என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சலுக்கு டொக்டர் நிறை பார்த்துச் சொன்ன அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். பாமசியில் வேறு எதையும் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. இப்போது விட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தரம் சளி பிடிப்பது வழக்கம் என்று டொக்டர்மார் சொல்வார்கள். அதில் பல இந்த மழை மாதங்களில் வந்துவிடலாம். நீங்கள் வேலைக்குப் போவதால் அவனுக்குச் சளி வரவில்லை. இழுப்பு அடிக்கடி வருகிறதே, அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டுமா என்று அடுத்த முறை டொக்டரிடம் கேளுங்கள், கொப்பியில் முதல் கேள்வியாக அதை எழுதுங்கள். வாடை அடங்கித் தைப்பொங்கலும் கழிந்த பிறகு, கணவர் இரண்டு தரமாவது தனியாகக் கிளினிக் போய் வந்த பிறகு, அப்போதும் வேலையை விடத் தோன்றினால் எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம். நான் மூதூர் வேலையை விடவில்லை. எட்டு மாதம் கழித்து இடமாற்றம் கிடைத்தது. அதற்குள் கொப்பியில் 23 பக்கம் முடிந்திருந்தது.

எம்.எம்.ஆர். போட்ட அன்று பிள்ளை எப்படி இருந்தான் என்று தெரிந்துகொள்ள ஆசை. கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார் என்றால் அந்தக் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா